உயரத்தை மட்டும் எழுதாதீர்கள், வேகத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில், இந்தியா தமிழ்நாட்டுக் கரையில் அமைக்கும் குலசேகரப்பட்டினம் ரொக்கெட் ஏவுதளம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழில் அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையில் சொல்லப்பட்ட முக்கியமான மூன்று விஷயங்கள் பிழை. ரொக்கெட்டின் புகை தரையையும் காற்றையும் தள்ளுவதால்தான் அது மேலே போகிறது என்றும், 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லாமல் போய்விடும் என்றும், குலசேகரப்பட்டினம் பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: ரொக்கெட்டின் வேலை உயரப் போவது என்ற எண்ணம். பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைத் தள்ளும் கதையை முதலில் பார்ப்போம். இது பெரிய பத்திரிகைகளுக்கே வந்த பிழை. 1920 ஜனவரியில் அமெரிக்க விஞ்ஞானி றொபேர்ட் கொடார்ட், ரொக்கெட் மூலம் நிலாவரைக்கும் போகலாம் என்று சொன்னபோது, வெற்றிடத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லையே, இந்த அடிப்படைகூடத் தெரியாதவரா என்ற பாணியில் நியூயோர்க் ரைம்ஸ் ஆசிரிய தலையங்கமே எழுதியது. கொடார்ட் 1926 மார்ச் 16 இல் பெற்றோலும் திரவ ஒட்சிசனும் எரியும் முதலாவது திரவ எரிபொருள் ரொக்கெட்டைப் பறக்கவிட்டுக் காட்டினார். பத்திரிகை திருத்தம் போட்டது 1969 ஜூலை 17 இல், அதாவது அப்பலோ 11 புறப்பட்டதற்கு மறுநாள். கொடார்ட் இறந்து அப்போது இருபது வருஷத்துக்கு மேல்.

உண்மையில் நடப்பது என்ன? பேர வாவியில் துடுப்பு இல்லாத ஒரு படகில் நீங்கள் இருக்கிறீர்கள், படகில் மணல் மூட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டையைத் தூக்கிப் பின்பக்கமாக வீசினால் படகு முன்னுக்கு நகரும். மூட்டை எதன்மீதும் போய் மோத வேண்டியதில்லை, உங்கள் கையை விட்ட அந்தக் கணத்திலேயே வேலை முடிந்துவிட்டது. மூட்டை எடுத்துக்கொண்ட உந்தத்துக்கு, அதாவது திணிவை வேகத்தால் பெருக்க வருவதற்கு, சமமான உந்தம் எதிர்த்திசையில் படகுக்குக் கிடைக்கிறது. இன்னும் வேகமாகப் போக வேண்டுமென்றால் இரண்டே வழிதான் இருக்கிறது, மூட்டையை இன்னும் வேகமாக வீச வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் நிறைய மூட்டைகள் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஆனால் மூட்டைகளைக் கூட்டினால் படகும் பாரமாகிவிடுகிறது, முதலில் வீசும் மூட்டைகள் எல்லாம் பின்னால் வீசப்போகும் மூட்டைகளை நகர்த்துவதற்கே செலவாகிவிடும். ரொக்கெட் விஞ்ஞானத்தின் முழுக் கஷ்டமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

ரொக்கெட் வீசுவது வாயுவை. எரியறைக்குள் எரிபொருளும் ஒட்சிசனும் சேர்ந்து எரிந்து 3,000 பாகை செல்சியசை ஒட்டிய, சிலவற்றில் அதையும் தாண்டிய, வெப்பத்தில் வாயுவாகின்றன. அந்த வாயு எல்லாச் சுவர்களையும் அமுக்குகிறது, பின்பக்கம் மட்டும் சுவர் இல்லை, திறந்திருக்கிறது, அதனால் முன்பக்கச் சுவரில் விழும் அமுக்கத்தைச் சமப்படுத்த ஆள் இல்லை. அப்புறம் அந்தக் கூம்பு வடிவ வாய். வாயு முதலில் ஒடுங்கிய கழுத்து ஒன்றுக்குள் போய் அங்கே ஒலியின் வேகத்தை எட்டுகிறது, கழுத்தைத் தாண்டியதும் விரியும் பகுதியில் இன்னும் வேகம் எடுத்து ஒலியைப் பல மடங்கு மிஞ்சி வெளியேறுகிறது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் டி லவால் நீராவிச் சுழலிக்காக 19 ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த வடிவம் இது, இன்றைக்கும் மாறவில்லை. வெளியே காற்று இருந்தால் அது இந்த ஓட்டத்துக்கு எதிராக அமுக்குகிறது, அதனால் ஒரே இயந்திரம் தரையில் தருவதைவிட வெற்றிடத்தில் கூடுதலான உந்துவிசை தருகிறது. காற்று உதவி செய்கிறது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

உயர்தரத்தில் உந்தக் காப்பு விதியில் கணக்கு மேல் கணக்காகச் செய்து புள்ளி எடுக்கும் பிள்ளைகளிடம்கூட, விண்வெளியில் ரொக்கெட் எதைத் தள்ளுகிறது என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற முறையில் இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம். கணக்கும் உலகமும் அவர்கள் தலையில் இரண்டு தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அதனால்தான் பத்திரிகையில் வரும் ஒரு விளக்கப்படம் பாடப்புத்தகத்தைவிடப் பெரிய வேலை செய்யக்கூடும் என்று நம்புகிறேன்.

சரி, இனி உயரம். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு றோட்டால் போகும் தூரம்தான் அது. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 வீதம் அப்படியே இருக்கிறது. நிலையத்தில் இருப்பவர்கள் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அவர்களும் சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டிருப்பதுதான். விழுந்தும் தரையில் மோதாமல் இருப்பதற்குக் காரணம் பக்கவாட்டு வேகம், செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர். அந்த வேகத்தில் பூமியின் வளைவு கீழே விலகிக்கொண்டே போகிறது, விழுகிற பொருள் அதைப் பிடிக்க முடிவதில்லை. அந்த வேகத்தோடு போனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

சக்திக் கணக்கைப் பாருங்கள், இதைச் சாதாரண தர மாணவரே செய்து பார்க்கலாம். ஒரு கிலோகிராம் பொருளை 400 கிலோமீற்றர் தூக்குவதற்குத் தேவை சுமார் 3.7 மெகாயூல். அதே ஒரு கிலோகிராமுக்கு 7.7 கிலோமீற்றர் வேகம் கொடுக்கத் தேவை 29 மெகாயூலுக்கு மேல். எட்டு மடங்கு! உயரத்துக்குப் போவது சின்னச் செலவு, அங்கே தங்குவதற்கான வேகம்தான் பெரிய செலவு. ரொக்கெட் ஆரம்பத்தில் நேர் மேலே கிளம்புவது அடர்த்தியான காற்றிலிருந்து சீக்கிரம் வெளியே வருவதற்காக, அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சரிந்து, இயந்திரம் எரியும் நேரத்தில் பெரும்பகுதியைக் கிடையாகப் போவதற்கே செலவிடுகிறது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது முதல் ஒன்றிரண்டு நிமிஷங்களை மட்டும்தான், அதனால் மேலே போவது மட்டும் மனதில் நிற்கிறது.

இப்போது படகையும் இந்த வேகத்தையும் சேர்த்துப் பார்ப்போம். ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903 இல் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: ரொக்கெட் பெறும் மொத்த வேகமானது, வாயு வெளியேறும் வேகத்தை, ஆரம்பத் திணிவுக்கும் இறுதித் திணிவுக்கும் உள்ள விகிதத்தின் இயற்கை மடக்கையால் பெருக்க வருவது. மடக்கை என்பதுதான் இதில் கொடுமை. வேகத்தை இரட்டிப்பாக்க எரிபொருளை இரட்டிப்பாக்கினால் போதாது, விகிதத்தையே வர்க்கமாக்க வேண்டும்.

காற்றின் தடையையும் ஏறும்போது ஈர்ப்பு தின்னும் பங்கையும் சேர்த்தால் தாழ்ந்த சுற்றுப்பாதைக்குப் போக மொத்தம் செக்கனுக்கு 9.4 கிலோமீற்றர் அளவு வேகத்துக்கான வேலை செய்ய வேண்டும். மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனும் எரிந்தால் வாயு சுமார் 3 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறும். சமன்பாட்டில் போட்டால் விகிதம் 23 வருகிறது. அதாவது ஏவுதளத்தில் நிற்பதில் இருபத்துமூன்றில் ஒரு பங்குதான் சுற்றுப்பாதைக்கு வரும், அந்த ஒரு பங்குக்குள்தான் தாங்கி, இயந்திரம், குழாய்கள், செய்மதி எல்லாமே அடங்க வேண்டும். அப்படி ஒரு தாங்கியைச் செய்வது மிகமிகக் கடினம், அதனால்தான் காலியான பகுதிகளைக் கழற்றி விட்டுவிட்டுப் போகிறார்கள். இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ரொக்கெட் 44 மீற்றர் உயரம், 320 தொன், நான்கு அடுக்கு. துருவத்தை ஒட்டிய சுற்றுப்பாதைக்கு அது கொண்டுபோவது 1,750 கிலோகிராம். இந்த எண்களைப் பார்த்து எவ்வளவு வீண் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இதில் பொறியியலாளர்களின் கவலையீனம் துளியும் கிடையாது, மடக்கை விதிக்கும் வரி இது.

வரியைக் குறைக்க ஒரு வழி, வாயுவை இன்னும் வேகமாக வெளியேற்றுவது. வெப்பம் கூடினால் வாயு வேகமெடுக்கும், மூலக்கூறு இலேசாக இருந்தாலும் வேகமெடுக்கும். ஐதரசன்தான் எல்லாவற்றிலும் இலேசு, அதனால் திரவ ஐதரசனும் திரவ ஒட்சிசனும் எரியும் இயந்திரத்தில் வாயு 4.4 கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிறது, மேலே சொன்ன 23 என்ற விகிதம் எட்டரையாக இறங்கிவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் திரவ ஐதரசனை மைனஸ் 253 பாகையில் வைத்திருக்க வேண்டும், ஒரு கன மீற்றரின் திணிவு 70 கிலோகிராம் அளவுதான் என்பதால் தாங்கி பெரிதாகிவிடும், ஒரு பக்கம் இந்தக் கடுங்குளிரையும் மறுபக்கம் எரியறையின் தீயையும் வைத்துக்கொண்டு நடுவில் பம்பிகள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் சுழல வேண்டும். இந்தியா தன் சொந்தக் கடுங்குளிர் இயந்திரத்தோடு 2010 ஏப்ரலில் அனுப்பிய ஜிஎஸ்எல்வி தோற்றது, 2014 ஜனவரி 5 இல் வென்றது. அந்த இயந்திரங்களைச் சோதிப்பது திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நாசாவின் ஹூஸ்டன் பெயர் தெரிகிறது, மகேந்திரகிரி தெரியவில்லை.

இன்னொரு வழி, எரிப்பதையே விட்டுவிட்டு மின்சாரத்தால் அயன்களை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை, வீசுவது. நாசாவின் டோன் விண்கலம் செனன் வாயுவை இப்படிச் செக்கனுக்கு 30 கிலோமீற்றர் அளவு வேகத்தில் வீசியது. உந்துவிசை 0.09 நியூற்றன்தான், தரையிலிருந்து ஒரு சீனிப் பொட்டலத்தைக்கூடத் தூக்க முடியாது, ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாமல் தள்ளி 11 கிலோமீற்றருக்கு மேல் வேக மாற்றம் சேர்த்து செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இருக்கும் வெஸ்டா, சீரிஸ் என்ற சிறு கோள்கள் இரண்டையும் சுற்றிவந்தது. உந்துவிசை வேறு, எரிபொருள் சிக்கனம் வேறு. தரையை விட்டுக் கிளம்ப முதலாவது வேண்டும், கிளம்பிய பிறகு இரண்டாவதுதான் பெரிது.

சந்திரயான்-3 போனபோது உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர், அமெரிக்கர் மூன்று நாளில் போன இடத்துக்கு இந்தியாவுக்கு ஏன் நாற்பது நாள் என்று கேட்டிருந்தார். பதில் யாரும் எழுதவில்லை. பதில் இதுதான்: அப்பலோவைச் சுமந்த சாற்றேர்ன் 5 கிட்டத்தட்ட 3,000 தொன், சந்திரயானைச் சுமந்தது 640 தொன். பெரிய ரொக்கெட் ஒரே எரிப்பில் நிலாவை நோக்கித் தள்ளிவிட்டது. சந்திரயான்-3 2023 ஜூலை 14 இல் நீள்வட்டப் பாதை ஒன்றில் விடப்பட்டு, பூமிக்குக் கிட்ட வரும் ஒவ்வொரு தெரிந்தெடுத்த தடவையும் தன் சிறிய இயந்திரத்தை எரித்து எரித்துப் பாதையை நீட்டி, ஓகஸ்ட் 1 இல்தான் நிலாப் பக்கம் திரும்பியது. ஏன் கிட்ட வரும்போது? அங்கேதான் வேகம் உச்சம். விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை. ஒரே செக்கனில் கூடுதல் தூரம் ஓடும்போது தள்ளினால் அதே எரிபொருளில் கூடுதல் சக்தி சேர்கிறது. இது ஏழ்மையின் அடையாளம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கோ அந்தப் பயணத்திலேயே மிக அழகான பகுதி இதுதான்.

இனி குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் தசராவுக்குப் பேர்போன ஊர், நம் கற்பிட்டிக்குக் கிட்டத்தட்ட நேர் மேற்கே மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பூமத்திய கோட்டுக்குக் கிட்ட என்பது காரணமா? பூமியின் சுழற்சி பூமத்திய கோட்டில் செக்கனுக்கு 465 மீற்றர் வேகத்தை இலவசமாகத் தருகிறது, உண்மை. ஆனால் இந்தியாவின் இப்போதைய ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவில் அது 452 மீற்றர், குலசேகரப்பட்டினத்தில் 460 மீற்றர். வித்தியாசம் 8 மீற்றர். 9,400 மீற்றர் தேவைப்படும் இடத்தில் எட்டு மீற்றருக்காகவா ஒரு புதிய ஏவுதளம்? அதுவும் அங்கிருந்து முக்கியமாக அனுப்பப்போவது துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதிகளை, அவை வடக்குத் தெற்காகப் போகிறவை, கிழக்கு நோக்கிய அந்தச் சுழற்சி அவற்றுக்கு உதவாது, சொல்லப்போனால் அதை ஈடுசெய்யவே கொஞ்சம் எரிபொருள் வேண்டும்.

உண்மையான காரணம் நாம். இந்தத் தீவு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே கிளம்பும் ரொக்கெட்டின் வழியில் தமிழ்நாட்டுக் கரையும் இலங்கையும் இருக்கின்றன. கழற்றி விடும் அடுக்குகள் மனிதர்கள் வாழும் இடத்தில் விழக்கூடாது என்பதால் ரொக்கெட் முதலில் தென்கிழக்காக வங்காள விரிகுடாவுக்கு மேலே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. விண்ணில் திரும்புவது றோட்டில் திரும்புவது மாதிரி இல்லை, சில்லும் தரையும் கிடையாது, திசையை மாற்றுவதும் வேகத்தை மாற்றுவதுதான், அதற்கும் வாயுவை வீசியே ஆக வேண்டும். உதாரணத்துக்கு, செக்கனுக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒன்றை ஒரேயடியாக 30 பாகை திருப்ப 1.55 கிலோமீற்றர் வேக மாற்றம் தேவை. நடைமுறையில் வேகம் குறைவாக இருக்கும்போதே படிப்படியாகத் திருப்புவதால் இழப்பு இதைவிடக் குறையும், ஆனாலும் இழப்பு இழப்புதான். 320 தொன் ரொக்கெட் அதைத் தாங்கும். 120 தொன் எடையுள்ள சிறிய எஸ்எஸ்எல்வி, தாழ்ந்த சுற்றுப்பாதைக்கே 500 கிலோகிராம்தான் கொண்டுபோகும், அதனால் தாங்க முடியாது. குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் அன்ராட்டிக்கா வரைக்கும் கடல், திரும்பவே தேவையில்லை. கொழும்பில் வாசிக்கப்படும் பத்திரிகை இதை விட்டுவிட்டு எட்டு மீற்றரைக் காரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

நம்முடைய சொந்தச் செய்மதி விஷயத்திலும் இதே கதைதான். ராவணா-1 2019 ஏப்ரல் 17 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து கிளம்பி, ஜூன் 17 இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ஒரு கிலோகிராம் அளவான சிறு பெட்டி. அப்போது நான் வாசித்த செய்திகள் எல்லாம் 400 கிலோமீற்றர், 400 கிலோமீற்றர் என்றுதான் எழுதின. அதில் உந்து இயந்திரம் எதுவும் இல்லை என்பதையும், அந்த உயரத்தில் இருக்கும் மெல்லிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக அதன் சக்தியை எடுத்துக் கடைசியில் கீழே இறக்கி எரித்துவிடும் என்பதையும், அப்படி எரிவது தோல்வி இல்லை, திட்டமே அதுதான் என்பதையும் எழுதியிருந்தால் வாசகர்கள் விளங்கிக்கொண்டிருப்பார்கள். எதிர்ப்பக்கத்தில், நம் வீடுகளின் டிஷ்களுக்கு அலை அனுப்பும் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 3.07 கிலோமீற்றர் வேகத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுகின்றன. சூரியனும் நிலாவும் இழுக்கும் இழுப்பைச் சரிப்படுத்த அவற்றுக்கு ஆண்டுக்குச் செக்கனுக்கு 50 மீற்றர் அளவு வேக மாற்றம் தேவை. பெரும்பாலும் அவற்றின் ஆயுளை முடிப்பது பழுதாகும் கருவிகளைவிட, தீர்ந்துபோகும் எரிபொருள்தான்.

கொழும்பில் அரை நூற்றாண்டு வாழ்ந்து 2008 இல் இங்கேயே மறைந்த ஆதர் சி. கிளார்க் இந்தச் சுற்றுப்பாதையின் பயனை முதலில் அச்சில் சொன்னது, 1945 பெப்ரவரியில் வயர்லெஸ் வேர்ல்ட் இதழின் ஆசிரியருக்கு எழுதிய ஒரு சிறிய கடிதத்தில். விண்ணில் எந்தச் செய்மதியுமே இல்லாத காலம் அது. அந்தக் கடிதத்தில் அவர், பூமியின் பரப்புக்குச் சமாந்தரமாகச் செக்கனுக்கு 8 கிலோமீற்றர் வேகம் பெறும் ரொக்கெட் நிரந்தரமாகச் சுற்றும் என்று வேகத்தையும் திசையையும் சொல்லித்தான் விஷயத்தை ஆரம்பிக்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. ரொக்கெட் ஏவும் செய்தி போடும்போது உயரத்துக்குப் பக்கத்தில் வேகத்தையும் போடுங்கள், புறப்படும்போது இருந்த திணிவையும் போய்ச் சேர்ந்த திணிவையும் போடுங்கள். நாலு எண்கள்தான், ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது, மிச்சத்தைப் பிள்ளைகளே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள். குலசேகரப்பட்டினத்திலிருந்து முதலாவது ரொக்கெட் கிளம்பும் நாளில் அது எந்தப் பாதையில் போகிறது என்று இலங்கையையும் சேர்த்து ஒரு வரைபடம் போடுங்கள். அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போடுவதாக இருந்தால் வாசகர் கடிதப் பகுதியில் போட வேண்டாம், பிள்ளைகள் வெட்டி ஒட்டுகிற மாணவர் பக்கத்திலேயே போடுங்கள். படங்கள் வரைந்து தரவும் எண்களைச் சரிபார்த்துத் தரவும் நான் தயாராக இருக்கிறேன், அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06